அக்கா நடத்திய ஊசியில்லாத் தையல் வகுப்பு

அன்புடையீர்,

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என் தலையில் கட்டிவிட்டார். நான் தையல்காரன். கத்தரிக்கோல் பிடித்த கைக்குப் பேனா வசப்படாது. பிள்ளைகள் எழுதட்டுமே என்று நழுவப் பார்த்தேன். "அவங்களுக்குத் தெரியாததெல்லாம் உனக்குத்தான தெரியும்? கூட்டுக் களவாணி நீ" என்று சிரித்தார் அத்தான். உண்மைதான். ஆகவே எழுதுகிறேன். நேரில் நான் அக்காவை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அச்சில் அப்படிப் போடக்கூடாது என்று அச்சகத்தார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இந்தக் கட்டுரையில் மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அக்கா இதைப் படித்திருந்தால், "யாருடா இந்த அம்மா?" என்று கேட்டிருப்பார்.

அக்கா பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அப்போது ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எங்கள் அப்பா சிப்பாய்களுக்குச் சட்டையும் கால்சட்டையும் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வீட்டில் அக்காவும் நானும் இரண்டே பேர். அக்காவுக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம். புத்தி வித்தியாசம் அதைவிட அதிகம். என்னைப் படி படி என்று பிரம்போடு துரத்தினார்கள். நான் ஓடிப்போய் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அக்காவை யாரும் துரத்தவில்லை. விளக்கு வைத்த கையோடு தானாகவே புத்தகத்தைப் பிரித்துக்கொள்வார். வகுப்பில் அவர்தான் முதல்.

தொடக்கப் படிப்பு முடியும்போது ஓர் அரசாங்கப் பரீட்சை உண்டு. ஊரில் அதைச் செர்த்திபிக்கா என்பார்கள். பரீட்சையன்று காலையில் வாசலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். பெயருக்குரியவர் "பிரசான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அக்கா அந்த ஒரு சொல்லை வீட்டில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வயதுக்கு வந்துவிட்டார். அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. அழுதார், சாப்பிடாமல் கிடந்தார், ஒன்றும் நடக்கவில்லை. பரீட்சையன்று சாயங்காலம் கூடப் படித்த பெண் ஒருத்தி வந்து, "உன் பேர மூணு வாட்டி கூப்பிட்டாங்கடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்காவின் முகத்தை அன்று பார்த்தவன் நான்.

அப்பா கெட்டவர் இல்லை. எல்லா அப்பாக்களும் அன்று செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆனாலும் அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. சமாதானமாக அப்பா ஓர் ஊசியும் நூல்கண்டும் கொண்டுவந்து கொடுத்து, "இதக் கத்துக்கம்மா, காலத்துக்கும் உதவும்" என்றார். அக்கா அந்த ஊசியைக் கொண்டுபோய்க் கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடினார். மறுநாள் தாளிக்கப் போன அம்மாவின் விரலில் அது ஏறி, வீடே அமர்க்களப்பட்டது. அதற்குப் பிறகு அக்கா ஊசியைத் தொடவே இல்லை. தையல்காரர் மகள், தையல்காரன் அக்கா, அறுந்த பொத்தானைக்கூட என்னிடம்தான் கொடுத்தனுப்புவார். கேட்டால், "எனக்கு நூல் கோக்க வராது" என்பார்.

அத்தானுக்குச் சொந்த இடம் மூலக்குளம். பயிர்வேலைக் குடும்பம், இவர் மட்டும் பஞ்சாலை வேலைக்கு வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு முத்தியால்பேட்டை முடிந்து குருசுக்குப்பம் தொடங்குகிற இடத்தில் குடியிருந்தார்கள். கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆலையில் வேலை இல்லாத மாதங்களில் அக்கா அப்பளம் இட்டு விற்றார். பெற்ற மூன்றில் ஒன்று தங்கவில்லை. மற்ற இரண்டு பையன்களையும் படிக்க வைத்தார். எதற்கும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இதைச் சொல்லாவிட்டால் அக்காவைப் பற்றி எழுதியதாகாது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுவருடம் இது நடந்தது. குருசுக்குப்பத்து முனியம்மா தினமும் அக்கா வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்குவார். கூடவே அவர் மகள் அஞ்சலை வரும். அம்மா மீன் அரிந்து முடிப்பதற்குள் அந்தப் பெண் படியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைக் கடகடவென்று வாசித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடும். திடீரென்று அதைக் காணோம். ஒரு நாள் அக்கா கேட்டுவிட்டார். நானும் அங்கே காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு எங்க முனியம்மா? கண்ணுலயே காணோம்."

"அது பெரியவளாயி நாலு மாசம் ஆவுது யக்கா. எங்கண்ணன்தான் பச்ச ஓல கட்டி உக்கார வெச்சி எல்லாம் செஞ்சிது. இனிமே எங்க வெளிய அனுப்பறது?"

"பள்ளிக்கூடம்?"

"நல்லா கேட்டீங்க! இன்னும் பையத் தூக்கிக்கினு போனா குப்பத்துல என்னா பேசுவாங்க? எங்கண்ணன் என்னய வெட்டிப் போட்டுரும். தையல் கியல் கத்துக்க போவுதுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மிஷின் தெரிஞ்ச பொண்ணுன்னா நல்ல எடத்துலேர்ந்து கேட்டு வருவாங்க."

அக்கா ஒரு நொடிதான் யோசித்தார். "அப்ப நாளைக்கே அனுப்பு. எங்க வீட்ல தையல் வகுப்பு ஆரம்பிக்கிறோம். எங்கப்பா மிஷின் இங்கதான் கெடக்குது. எந்தம்பியே டெய்லரு."

எனக்கு இட்லி தொண்டையில் நின்றுவிட்டது. முனியம்மா போனதும், "யக்கா, உனக்கு நூலே கோக்கத் தெரியாதேக்கா!" என்றேன். "நீ வாய மூடிக்கினு சாப்புடு" என்றார். வகுப்பு அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரே மாதத்தில் ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். எல்லாம் வயதுக்கு வந்ததால் நின்ற பிள்ளைகள். படகுகள் வந்து மீன் விற்று, கருவாடு காயப்போட்டு, வீட்டில் சோறு ஆக்கி இறக்கிய பிறகு மதியத்தில்தான் அவர்களுக்கு ஒழியும். அந்த நேரத்துக்கு எந்தப் பள்ளிக்கூடமும் வகுப்பு வைக்காது, அக்கா வைத்தார். கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு மடியிலும் என் கடையின் வெட்டுத் துணி ஒன்று, துணிக்கு அடியில் புத்தகம். தெருவில் போகிறவர் காதுக்குத் தையல் சத்தம் கேட்க வேண்டுமே? அதற்கு அத்தான் இருந்தார். ஆலையில் முறை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்து மிதிப்பார். வெறும் மிஷினை மிதித்தால் கெட்டுவிடும் என்று நான் கத்தியதால் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நூலில்லை, ஊசியில்லை, துணியில்லை, ஆனால் தெருக்கோடி வரைக்கும் டகடகவென்று கேட்கும். அப்படி மிதித்து மிதித்தே அத்தானுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது கேட்டாலும் சொல்வார்.

வீட்டில் படித்தால் மட்டும் போதாது. பரீட்சைக்குப் பெயர் இருக்க வேண்டும். அஞ்சலை படித்த பள்ளியின் தலைமையாசிரியையை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போய் உண்மையைச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "பேரை நான் அடிக்கலம்மா. புத்தகமும் தரேன். ஆனா பரீட்சை அன்னிக்குப் பேரு கூப்புடும்போது அந்தப் பொண்ணு நேர்ல நின்னு பதில் சொல்லணும். வரலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "வருவா மதாம். அதுக்கு நான் ஆச்சு" என்றார். வெளியே வந்ததும் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணினார்.

ஆறு பேரில் அஞ்சலைதான் பெரிய வகுப்பு வரை படித்து நின்றவள். அந்த வருடமே அவளைப் பரீட்சையில் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. பெண்ணும் அசரவில்லை. மதாம் கொடுத்த புத்தகங்களைக் கரைத்துக் குடித்துவிட்டது. ஆனால் அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? ஆறேழு மாதமாகத் தையல் படிக்கிற பெண் ஒரு ரவிக்கைகூடத் தைத்துக் காட்டவில்லையே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அக்கா என் கடைக்கு வந்து நின்றார்.

"தம்பி, ஆளுக்கு ஒரு ரவிக்கை தெச்சுக் குடுடா. நல்லா தெச்சிடாத. கத்துக்கறவ தெச்ச மாதிரி இருக்கணும்."

கோணலாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தைப்பது ஆண்கள் உடுப்பு. இருபது வருடமாகச் சிப்பாய் உடுப்பு. மதிய வேளையில் கடையில் கூட்டம் இல்லாதபோது பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டுமென்றே தையலை வளைத்து வளைத்து ஆறு ரவிக்கை தைத்தேன். வாடிக்கைக்காரர் யாராவது பார்த்தால் என் பிழைப்பு என்ன ஆவது என்று திகிலாகத்தான் இருந்தது. அக்கா வாங்கிப் பார்த்து, "அழகா அசிங்கமா தெச்சிருக்கடா" என்று மெச்சிக்கொண்டார். இருவருக்கும் புத்தி அவ்வளவுதான் என்பது மாசி மகத்தன்று தெரிந்தது.

மாசி மகத்துக்குச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும். அஞ்சலை புது ரவிக்கை போட்டுக்கொண்டு தாயோடு போயிருக்கிறாள். அங்கே அவளுடைய தாய்மாமன் பார்த்துவிட்டார். பச்சை ஓலை கட்டிய அதே தாய்மாமன். குப்பத்தில் அவருக்குச் சிப்பாய் என்றே பெயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பதினெட்டு வருடம் அந்த உத்தியோகம் பார்த்தவர். மறுநாள் மதியம் அந்த ரவிக்கையைக் கொண்டுவந்து என் வெட்டு மேசை மேல் போட்டார்.

"டெய்லரே, இது யார் தெச்சது?"

"உங்க அக்காப்... இல்ல, உங்க தங்கச்சி பொண்ணு" என்று உளறினேன்.

"அப்படியா? இந்தப் பக்கம் மேல வருதே, இது ஆம்பள சட்டைக்கு வர்ற பக்கமாச்சே? ஓரத்த மடிச்சி ரெண்டு வரி போட்டிருக்குதே, இது எஞ் சட்டத் தையலு. பதினெட்டு வருசம் இந்தத் தையல முதுகுல சொமந்தவன் நான். எங்கிட்டயே சொல்றியா?"

வளைத்துத் தைத்தேனே ஒழிய, கை பழகிய வழியிலேயே போய்விட்டது. பெண்கள் ரவிக்கையில் வலப்பக்கம் மேலே வர வேண்டும். நான் ஆறுக்கும் இடப்பக்கத்தை மேலே வைத்திருந்தேன். "வா எங்கூட" என்று கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு என்னை அக்கா வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்.

கதவைத் தள்ளினார். ஆறு பெண்களும் மடியில் புத்தகத்தோடு அப்படியே உறைந்துபோனார்கள். அத்தான் ஒருவர்தான் பதற்றத்தில் நிறுத்தத் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தார்.

"ஊசி எங்க?" என்றார் சிப்பாய்.

"நேத்துதான் ஒடஞ்சிது" என்றார் அத்தான்.

"நூலு?"

"அதுவுந்தான்."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அக்கா எழுந்து முன்னால் வந்தார். "போதும், நிறுத்துங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, சிப்பாயைப் பார்த்து நின்றார். "நாந்தான் பொய் சொன்னேன். இங்க தையல் வகுப்பு இல்ல, படிப்புதான் நடக்குது. இன்னும் மூணு வாரத்துல உங்க பொண்ணுக்குப் பரீட்சை. திட்றதுன்னா என்னயத் திட்டுங்க. அவள நிறுத்திடாதீங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "படிக்கறதுன்னா எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம். நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன், அது வேற. கடலூர்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்தவங்க கிட்ட எம் பொண்ணுக்குத் தையல் தெரியும்னு என் வாயால சொல்லிட்டேனே! பச்ச ஓல கட்டுன மாமன் பேச்சு பொய்யாப் போவலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அஞ்சலை விசும்ப ஆரம்பித்தது.

அவர் அந்தப் பெண்ணின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு தீர்ப்பு மாதிரிச் சொன்னார்: "இந்த மூணு வாரத்துல எனக்கு ஒரு சட்ட தெச்சுக் குடுக்கட்டும். தெச்சுட்டா பரீட்சைக்கு நானே கூட்டிக்கினு போறேன். தெக்கலன்னா அவ குப்பத்த வுட்டு வரமாட்டா. இந்த டெய்லரு கை பட்டுதுன்னா எனக்குத் தெரிஞ்சிடும். இன்னொண்ணு. தையல் வாத்தியாருன்னு சொன்னது நீங்கதானம்மா? நீங்களும் கூட ஒக்காந்து தெக்கணும்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அது ஏன் என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். "சரி" என்றார் அக்கா.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மிஷினுக்கு ஊசி மாட்டப் போனேன். முதலில் கையால் தைத்துப் பழகட்டும் என்று அஞ்சலைக்கு ஒன்றும் அக்காவுக்கு ஒன்றுமாக ஊசி எடுத்து வைத்தேன். அஞ்சலை டக்கென்று கோத்துவிட்டது. வலை பின்னுகிற வீட்டுப் பெண் அல்லவா? அக்கா தன் முன்னால் இருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "கோத்துத் தரட்டுமாக்கா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மாட்டேன்னு இருந்தேன்டா. அன்னிக்குப் பள்ளிக்கூடத்தப் புடுங்கிக்கினு இதக் கையில குடுத்தாங்க. இத எடுத்தா அதுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னுதான் இத்தன வருசம் தொடல."

அக்கா அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தார். அது ஒரு கண்ணால் தையலையும் ஒரு கண்ணால் பாடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இத எடுத்தாத்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம் கெடைக்கும்னா, குடுடா இப்படி" என்று கையை நீட்டினார்.

அந்த மூன்று வாரம் போல் எனக்கு ஒரு சந்தோஷமான காலம் வாழ்க்கையில் வந்ததில்லை. அக்காவை நான் அதட்டலாமே! நாலு வயது மூத்தவரை, "எத்தன தடவ சொல்றது, நேரா புடி" என்று விரட்டினேன். பதிலுக்கு, "உன்னய ஸ்லேட்டு புடிக்க வெக்க நான் எவ்ளோ பாடுபட்டேன், ஞாபகம் இருக்குதா?" என்பார். விரல் எல்லாம் குத்துப் புள்ளி. அஞ்சலை மிஷினை மிதித்துக்கொண்டே ஆறுகளின் பெயர்களை ஒப்பிக்கும். என் நாடாவில் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அங்குலம். மாமனின் மார்பளவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றச் சொல்லி அக்கா அதையே கணக்குப் பாடமாக்கிவிட்டார். மற்ற ஐந்து பெண்களும் சும்மா இருப்பானேன் என்று ஆளுக்கொரு துணியை எடுத்தார்கள். அத்தானுக்கு மட்டும் வேலை போய்விட்டது. மிஷினை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வாயால் மட்டுமே சொல்லிக் கொடுத்தேன். சட்டையின் இடக்கையை அஞ்சலை தைத்தது, வலக்கையை அக்கா தைத்தார். அக்காவுடையது இரண்டு விரல் கட்டை. பிரிக்க நேரம் இல்லை. இரண்டு நாளில் பரீட்சை. கழுத்துப் பட்டி ஒரு பக்கம் எழுந்து நின்றது. அந்தக் கோலத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். சிப்பாய் சட்டையை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தார்.

"டெய்லரு கை படல" என்றார் கடைசியில். "அது பாத்தாலே தெரியுது."

பரீட்சையன்று காலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிப்பாய் முன்னால் நடக்க, பின்னால் அஞ்சலை வர, குப்பமே வாசலில் நின்று பார்த்தது. "என்னா சிப்பாயே, ஒரு கைய எலி கடிச்சிடுச்சா?" என்று ஒருவர் கேட்டாராம். "எம் பொண்ணு தெச்சது. இப்ப பரீட்சைக்குப் போறா. வழிய வுடு" என்று இவர் நடந்துகொண்டே சொன்னாராம். இதை முனியம்மா சொல்லி நாங்கள் கேட்ட தடவைகள் நூறு இருக்கும்.

அக்காவும் நானும் பள்ளிக்கூட வாசலுக்கு முன்பே போய்விட்டோம். மதாம் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. அஞ்சலையின் பெயர் வந்தது. பெண்ணுக்குப் பயத்தில் குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை கூப்பிட்டார்கள். சிப்பாய்க்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. விறைப்பாக நின்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "பிரசான்!" என்று கத்திவிட்டார்.

"நீங்க இல்ல, அவ சொல்லணும்" என்றார் மதாம்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அஞ்சலைக்கும் சிரிப்பு வந்து, சிரிப்போடு குரலும் வந்தது. "பிரசான்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனது. அக்கா என் கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர். நடுத்தெருவில் நின்று நாங்கள் இருவரும் அழுததைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் விசாரித்தார்.

அஞ்சலை தேறிவிட்டது. கடலூர்க்காரர்கள் காத்திருக்காமல் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதில் அந்தப் பெண்ணுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள். அக்கா வீட்டு வகுப்பு நிற்கவில்லை. அதன் பிறகு மெய்யாகவே பாதி நேரம் தையல், பாதி நேரம் படிப்பு. யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. எந்த வீட்டில் பெண் நின்றுவிட்டது என்று தகவல் வந்தாலும் சிப்பாயே போய்ப் பேசி அழைத்துவருவார். அவர் சொன்னால் குப்பத்தில் மறுபேச்சு கிடையாது. அக்காவும் தையலில் தேறினார். பிரமாதமாக இல்லை, ஏதோ தேறினார். எனக்குச் சாளேசரம் வந்து கண் மங்கிய பிறகு, என் ஊசிகளுக்கு நூல் கோத்துக் கொடுத்தது அக்காதான். தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து பத்து ஊசிகளில் நூல் கோத்து, என் மேசையில் குத்தி வைத்துவிட்டுப் போவார்.

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்ததும் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்ல, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். படுத்தபடியே பெண்களுக்குக் கணக்குத் திருத்தினார். வலி இல்லாமல், ஒரு காலை வேளையில், அத்தான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே அமைதியாகக் கண்ணை மூடினார். கடைசியாக அவர் கோத்து வைத்த பத்து ஊசிகளில் ஒன்றை மட்டும் நான் தைக்காமல் வைத்திருக்கிறேன்.

அக்காவைக் கனிவோடு கவனித்த டாக்டருக்கும் தாதிகளுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த முனியம்மாவுக்கும், அத்தானின் ஆலைத் தோழர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் கூடவே நடந்த மதாம் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாக் காரியங்களையும் முன்னால் நின்று நடத்திக் கொடுத்த சிப்பாய் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்று அவர் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு கை கட்டையான அந்தச் சட்டையைத்தான் துவைத்து மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

இந்த மலரை வைத்துத் தந்திருக்கும் துணிப்பையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அக்காவின் வகுப்பில் இப்போது படிக்கும் பதினோரு பெண்கள் தைத்தவை. சில பைகளின் வாய் கோணலாக இருக்கும், சிலவற்றில் நூல் தொங்கும். தயவுசெய்து பிரித்துத் தைத்துவிடாதீர்கள். இந்தத் தடவை நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. அவர்களுக்கும் அதிக நேரம் இல்லை; அடுத்த மாதம் பரீட்சை.

இங்ஙனம்,
உடன்பிறந்த தம்பி